டோஸ் ஏறியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வழக்கமாக வரும் அக்கா ஒருவருக்குத் தைராய்டு குறைபாட்டுக்கான லிவோதைராக்சின் (சுருக்கமாகத் தைராக்சின்) 50-லிருந்து 75, பிறகு 100 மைக்ரோகிராம் என்று ஏறிக்கொண்டே போனது. தைராய்டு சுரப்பு குறைந்தால் இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். மட்டும் அசையவில்லை.

“மருந்தே போலியா தம்பி?” என்றார்.

மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். வாய் மறந்ததை டப்பா சொல்லிவிடும். காலைக் கட்டத்தில் தைராக்சினும் கால்சியமும் ஒன்றாகக் கிடந்தன. இரண்டையும் தே தாரிக்கோடு, அதாவது ஆற்றிய பால் தேநீரோடு, விழுங்குகிறாராம்! கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின், ஒரு மணி நேரம் கழித்துத் தே, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம் என்று மாற்றினோம். டாக்டருக்கும் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மருந்தக வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தக் குறிப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள். மருந்து ஒழுங்காகச் சேர ஆரம்பித்தால் பழைய டோஸே அதிகமாகி, நெஞ்சு படபடக்கும்.

8 வாரம் கழித்துப் பரிசோதித்ததில் டி.எஸ்.எச். இயல்பான அளவுக்கும் கீழே போயிருந்தது. டாக்டர் 75-க்குக் குறைத்தார். அக்காவுக்கு ஒரே வருத்தம், அந்த ஒரு மணி நேரம் தே இல்லாமல் இருப்பதுதான்.