லேப்டாப் திரையில் டூல்பார் பட்டன்கள் சிறுத்துப் போனால் என்ன செய்வது?

கோலாலம்பூர் பிளாசா லோ யாட்டில் புது லேப்டாப் வாங்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு வரும் சிக்கல் இது. படமும் காணொளியும் பளிச்சென்று இருக்கும். பல ஆண்டுகளாகப் பழகிய மென்பொருளைத் திறந்தால் மட்டும் டூல்பார் பட்டன்கள் கண்ணுக்கே எட்டாது, இல்லையென்றால் எல்லாம் மங்கித் தெரியும். லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லை. கடைக்குத் திரும்ப எடுத்துப் போக வேண்டாம்.

விண்டோஸில் ஸ்கேல், அதாவது திரையில் எழுத்தும் பட்டனும் தெரியும் அளவு, 100 விழுக்காடு என்பது அங்குலத்துக்கு 96 பிக்சல் (திரைப்புள்ளி) என்ற பழைய கணக்கு. 14 அங்குலத் திரையில் 2880×1800 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 240க்கு மேல் வந்துவிடுகிறது. பழைய மென்பொருளில் பட்டன் படம் 16 பிக்சல் அகலத்தில் வரையப்பட்டிருக்கும். முன்பு நாலு மில்லிமீட்டருக்குக் குறையாமல் தெரிந்த அந்தப் படம், இங்கே இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அளவைத் தானே பார்த்துக்கொள்வதாக விண்டோஸிடம் சொல்லிவிட்டு, பட்டனைப் பெரிதாக்காமல் விடும் மென்பொருளில்தான் இப்படிச் சிறுத்துப் போகும். எதுவுமே சொல்லாத மென்பொருளை விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்கும், அதனால்தான் மங்கல்.

முதலில்: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் ஸ்கேல் எவ்வளவு என்று பாருங்கள். ‘ரெக்கமண்டட்’ என்று காட்டும் அளவிலேயே இருக்கட்டும். ஒரு மென்பொருளுக்காக மொத்தத் திரையின் அளவையும் மாற்றாதீர்கள். 100க்குக் குறைத்தால் தமிழ் எழுத்துகளுக்குத்தான் முதல் அடி: மெய்யெழுத்தின் புள்ளி மறையும், ‘ணி’க்கும் ‘ணீ’க்கும் வேறுபாடு தெரியாது. கேள்வித்தாளில் பிழை நுழைய அதுவே போதும்.

அடுத்து, அந்த மென்பொருளுக்குள்ளேயே வழி இருக்கிறதா என்று தேடுங்கள். லிப்ரே ஆபிஸ் என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ. அங்கே டூல்பார் ஐகான் அளவை ‘லார்ஜ்’ ஆக்கினால் வேலை முடிந்தது.

அப்படி வழி இல்லையென்றால் மென்பொருளை மூடிவிட்டு, அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் வரும் பெட்டியில், அடியில் உள்ள ‘ஓவர்ரைடு’ கட்டத்தை டிக் செய்யுங்கள். கீழே மூன்று தேர்வுகள்:

- பட்டன் சிறுத்திருந்தால் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’. 2017இல் விண்டோஸ் 10இல் வந்த வசதி. பழைய முறையில் எழுதிய பல மென்பொருள்களில் எழுத்தும் கூர்மையாக வரும். நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.
- அதில் பட்டன்கள் இடம் மாறிக் கலைந்தால் ‘சிஸ்டம்’. சற்று மங்கும், ஆனால் அளவு சரியாக இருக்கும்.
- சிக்கலே மங்கல்தான் என்றால் ‘அப்ளிகேஷன்’.

ஓகே கொடுத்து, மென்பொருளை மீண்டும் திறந்து பாருங்கள். மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கியவற்றில் பலவற்றுக்கு இந்தப் பகுதி இருக்காது.

வகுப்பறை புரொஜெக்டரில் மாட்டும்போது இன்னொரு தொல்லை வரும். லேப்டாப்பில் ஸ்கேல் 200 விழுக்காடு, புரொஜெக்டரில் 100 என்று இருக்கலாம். எக்ஸ்டெண்ட் முறையில் (இரண்டும் ஒரே நீண்ட திரைபோல் இயங்கும்) ஒரு திரையிலிருந்து மறுதிரைக்கு நகர்த்தியதும், அளவு மாற்றத்தைக் கவனிக்கத் தெரியாத மென்பொருளில் டூல்பார் பூதாகரமாகலாம், மங்கவும் செய்யலாம். புரொஜெக்டரை முதலில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு மென்பொருளைத் திறங்கள். அப்போதும் சரியாகவில்லையென்றால் விண்டோஸ் விசையோடு P அழுத்தி, இரண்டிலும் ஒரே காட்சி வரும் ‘டூப்ளிகேட்’ கொடுங்கள். அல்லது சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். சைன் அவுட்டுக்கு முன் திறந்திருக்கும் கோப்புகளைச் சேமிக்க மறக்காதீர்கள்.