முன் கண்ணாடியை மாற்றினால் காரின் கண்ணும் மாறும்: அடாஸ் கார் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் அக்கா மகன் புது அடாஸ் காரோடு வந்து நின்றான், கேமராவும் ரேடாரும் வைத்து ஓட்டுகிறவருக்குக் கைகொடுக்கும் கார். சரி, நாகர்கோவில் வரை போய் வருவோம் என்று கிளம்பினோம். நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும் வேகத்தைத் தானே பிடித்து முன் வண்டிக்கேற்பக் குறைக்கும் குரூஸை நூறில் போட்டான், காரைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் அசிஸ்டையும் போட்டான், இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். "பாத்தியளா மாமா, தானா போவுது." ஸ்டீயரிங்கைப் பிடி என்று கார் கத்தியது. ஒரு விரலால் லேசாகத் தட்டிவிட்டு மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டான். எனக்குத் திட்ட மனசு வரவில்லை, மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ரோட்டில் இதே வித்தையைப் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு நானும் காட்டியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு வாரம் ஐந்து நாள் போய் வருகிறவன் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். சீட் பெல்ட், செல்போன் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை.

கையை எடுக்கலாம் என்று நினைப்பது

நம் ஊரில் விற்கும் அடாஸ் கார்கள் லெவல் 2 வரைதான். கார் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும், ரோட்டைப் பார்க்க வேண்டியது நாம். அமெரிக்காவில் கையை எடுத்துவிட்டே ஓட்டும் வசதி இருக்கிறதே என்று வீடியோ காட்டுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-லும் ஃபோர்டு 2021-லும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் முன்கூட்டியே அளந்து வரைபடம் போட்டு வைத்த நெடுஞ்சாலைகளில் மட்டும்தான் அது வேலை செய்யும், அங்கேயும் ஓட்டுகிறவரின் கண் ரோட்டில் இருக்கிறதா என்று உள்ளே ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கைக்குத்தான் விடுமுறை, கண்ணுக்கு இல்லை. அதுவும் லெவல் 2 தான்.

நிற்கும் லாரியைக் கார் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

முன்னால் ஓடுகிற வண்டியை ரேடார் அழகாகப் பிடித்துக்கொள்ளும். நிற்கிற பொருள்தான் அதற்குச் சிக்கல். பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக் கம்பி என்று ரோட்டோரம் நிற்கிற எல்லாவற்றுக்கும் பிரேக் அடித்தால் கார் ஊர் போய்ச் சேராது, அதனால் வேகத்தில் போகும்போது அசையாத பொருள்களில் பலவற்றை அது கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். மேனுவலிலேயே எழுதியிருக்கும், யார் படிக்கிறோம்? நூறு கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 28 மீட்டர் போகிறோம். பின்விளக்கு இல்லாமல் லாரியைப் பாதி ரோட்டில் விட்டுவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். ராத்திரி பனகுடிப் பக்கம் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முன் கண்ணாடியைக் கண்ட கடையில் மாற்றுவது

திரும்பி வரும்போது அக்கா மகன் கேட்டான்: "மாமா, கண்ணாடில சின்னதா ஒரு கீறல். மலிவா மாத்துற கடை ஏதும் தெரியுமா?" எனக்கு வயிறு எரிந்தது.

கோவில்பட்டி போன ஒரு நாள் கங்கைகொண்டான் பக்கம் டிப்பரிலிருந்து ஜல்லி தெறித்து என் கண்ணாடியில் குறுக்காக விரிசல் ஓடிவிட்டது. கம்பெனியில் சொன்ன தொகையில் பாதிதான் ஒரு கடையில் கேட்டார்கள். "கேமரா இருக்கே, அதுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றேன். "கண்ணாடி கண்ணாடிதான் அண்ணாச்சி, கழட்டி மாட்டினாப் போதும்" என்றார் கடைக்காரர். மதியத்துக்குள் வேலை முடிந்தது. டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. என் காரில் நடந்த மோசமே அதுதான், விளக்கு எரிந்திருந்தால் அன்றைக்கே முழித்துக்கொண்டிருப்பேன்.

மறுநாளிலிருந்து கார் இடது கோட்டை ஒட்டியே போக ஆரம்பித்தது. டயர் என்று நினைத்தேன். வீல் அலைன்மென்ட் பார்த்தேன், பத்து நாள் கழித்து வேறு இடத்தில் இன்னொரு தடவை பார்த்தேன். வள்ளியூர் தாண்டி ஒரு லேசான வளைவு, பக்கத்து லேனில் பஸ் போகிறது, என் லேன் காலி. திடீரென்று கார் தானே சடாரென்று பிரேக் அடித்தது. பின்னால் வந்த மினி லாரிக்காரர் எப்படி நிறுத்தினார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இறங்கி வந்து அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது, சொன்னதில் தப்பும் இல்லை.

ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தக் கேமரா, முன் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறது. அது ஒரே ஒரு டிகிரி திரும்பினால் 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும், 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர். நாலுவழிச் சாலையில் ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான். பக்கத்து லேன் பஸ்ஸை என் கார் தன் லேனில் பார்த்ததில் அதிசயம் என்ன? அதற்காகத்தான் கண்ணாடி மாற்றியதும் கேலிப்ரேஷன், அதாவது கேமராவின் பார்வையை அளந்து நேராக்கும் வேலை, செய்ய வேண்டும் என்கிறார்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, முன்னால் அளந்த தூரத்தில் கட்டம் போட்ட பலகையை வைத்துச் செய்வது ஒரு வகை. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, கோடு தெளிவாக இருக்கிற ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது இன்னொரு வகை. எது என்பது காரைப் பொறுத்தது, சில கார்களுக்கு இரண்டும் வேண்டும்.

கடைசியில் ஒரு வயசான மெக்கானிக் பானட்டைக்கூடத் திறக்காமல் கேட்டார், "கண்ணாடி மாத்துனியளோ?" கம்பெனிக்குக் கொண்டுபோனால், கேமரா உட்காரும் பிராக்கெட்டே அந்தக் கண்ணாடியில் சரியில்லை, இதை வைத்துக் கேலிப்ரேஷன் நிற்காது என்றுவிட்டார்கள். மறுபடியும் புதுக் கண்ணாடி, அதற்கு மேல் கேலிப்ரேஷன் கூலி, நடுவில் இரண்டு அலைன்மென்ட். மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. மூன்று வருஷமாக யார் கார் எடுத்தாலும் இதைச் சொல்கிறேன், யாராவது ஒருவர் வந்து மலிவான கடையைத்தான் கேட்கிறார்.

பில்லில் கேலிப்ரேஷன் என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டால் கண்ணாடியோடு அதையும் சேர்த்து முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். முன் பம்பர் அடிபட்டிருந்தாலும் கேளுங்கள், ரேடார் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

மலை ரோட்டில் குரூஸ்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிறீர்கள். அறுபதில் குரூஸ், முன்னால் பஸ் முப்பதில் போகிறது, காரும் சமர்த்தாக முப்பதில் போகிறது. வளைவில் பஸ் திரும்பியதும் ரேடாருக்கு அது தெரியாது. ரோடு காலி என்று நினைத்து, திருப்பத்தின் நடுவில் உங்கள் கார் அறுபதுக்குத் தாவப் பார்க்கும். முதல் தடவை எனக்கு வியர்த்துவிட்டது. இறக்கத்திலும் வேண்டாம், பல கார்களில் அது பிரேக்கை வைத்தே வேகத்தைப் பிடிக்கும், பிரேக் சூடேறும். கியரைக் குறைத்து இறங்குங்கள். மாஞ்சோலை ரோட்டுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை, லேன் அசிஸ்ட் தேடுகிற கோடு அங்கே எங்கே இருக்கிறது?

கை இருப்பதாகக் காரை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுவது

வேண்டாம்.

முப்பந்தல் காற்று

ஆனி, ஆடியில் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது லேன் அசிஸ்டை நம்பாதீர்கள். கார் ஒரு சாண் நகர்ந்த பிறகுதான் அதற்கே தெரியும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்.