ஃபைபர் போட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

போட், எஞ்சின், வலை மூன்றும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று போட் கட்டும் எந்த யார்டில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வாங்கிய பிறகு அது நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே போடப் போகிறோம். பின்பக்கம் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் மாட்டி, விடியுமுன் போய் மதியத்துக்குள் கரை திரும்பும் சின்ன வலைத்தொழில் போட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ரூபாய்த் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கடலுக்குப் போகும் நாட்களை எண்ணுங்கள்

வருஷத்துக்கு 365 நாள் என்று ஆரம்பித்தால் கணக்கு முதல் வரியிலேயே தப்பு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் போட் கரையில்தான் கிடக்கும். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் என்னும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்கள் உண்டு. ஊர்த் திருவிழா, துக்கம், எஞ்சின் ரிப்பேர் எல்லாவற்றையும் கழித்தால் 200 நாள் மிஞ்சினாலே நல்ல வருஷம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. அப்போது பெரிய படகுகளின் மீன் சந்தைக்கு வராததால், சின்ன போட்டுக்கு நல்ல விலை கிடைக்கும். மழைக்காலத்துக்கான பணத்தை ஒதுக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

படி 2: ஒவ்வொரு பொருளும் எத்தனை வருஷம் உழைக்கும்?

ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். போட் 3 லட்சம், 10 வருஷம் வரும் என்றால் வருஷத்துக்கு 30,000. எஞ்சின் 1.5 லட்சம், 4 வருஷம்: 37,500. வலை 1 லட்சம், 2 வருஷம்: 50,000. மொத்த விலையில் வலைதான் சின்னது, வருஷச் செலவில் அதுதான் பெரியது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், வலை சிக்கிக் கிழியும், இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகும். இரண்டு வருஷம் என்பதே பல இடங்களில் தாராளமான கணக்கு.

இவை 1,17,500. சில்லறை ரிப்பேர், பெயின்ட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் 32,500 சேர்த்தால் 1,50,000. 200 நாளால் வகுத்தால் நாளுக்கு 750 ரூபாய். 150 நாள்தான் தொழில் நடந்தது என்றால் அதே செலவு 1,000 ரூபாய் ஆகிவிடும். நாட்களை முதலில் எண்ணச் சொன்னது இதற்காகத்தான்.

படி 3: ஒரு நடைச் செலவை அளந்து பாருங்கள்

எரிபொருளை மற்றவர் சொல் கேட்டு எழுதாதீர்கள். டேங்கை முழுதாக நிரப்பி, வழக்கமான இடத்துக்குப் போய் வலை போட்டு இழுத்துத் திரும்புங்கள். பிறகு அளவு கேனால் மறுபடி முழுதாக நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு. காற்று எதிர்த்த நாள் ஒன்று, அமைதியான நாள் ஒன்று என்று இரண்டு முறையாவது அளக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் சேரும். 50க்கு 1 கலக்கச் சொல்லியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 30 லிட்டருக்கு 600 மில்லி. பலர் இதை எழுதவே மாட்டார்கள்.

அப்புறம் ஐஸ், சாப்பாடு, ஏலக் கமிஷன். இவையெல்லாம் எழுதினாலே போதும், யோசிக்க ஒன்றுமில்லை.

படி 4: போட்டுப் பங்கு உங்கள் பணமல்ல

புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பங்கு பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். செலவு போக மிஞ்சியதில் பாதி போட்டுக்கும் வலைக்கும், பாதி ஆட்களுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மீன் 9,000 ரூபாய்க்குப் போனது, நடைச் செலவு 3,000. மிச்சம் 6,000. போட்டுப் பங்கு 3,000, மூன்று பேருக்குத் தலா 1,000. நீங்களும் கடலுக்குப் போயிருந்தால் அந்த 1,000 உங்கள் கூலி, தாராளமாக வீட்டுக்குக் கொண்டு போகலாம். போட்டுப் பங்கில் 750ஐ முதலில் எடுத்து வையுங்கள். கடன் தவணையும் லாபமும் மீதியில்தான்.

இதையே திருப்பிப் போட்டால், 4,500 ரூபாய்க்கு விற்ற நாளில் போட்டுப் பங்கு சரியாக 750. அதற்குக் கீழே விற்ற நாளில் கையில் காசு வந்தாலும் போட் நஷ்டத்தில்தான் ஓடியிருக்கிறது. உங்கள் போட்டுக்கு இந்த எண் என்ன என்று தெரிந்துகொண்டு வாங்கப் போங்கள்.

படி 5: சின்னச் செலவைத் தள்ளிப் போடாதீர்கள்

எஞ்சின் ஓடும்போது அதைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்பக்கம் சின்னத் தாரையாகப் பீய்ச்சும். அது மெலிந்து ஒழுக ஆரம்பித்தால், தண்ணீர் போகும் பாதையில் மணலோ உப்போ அடைத்திருக்கும், இல்லை உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். எஞ்சின் விலையோடு பார்த்தால் இம்பெல்லர் ஒன்றுமே இல்லை. மாற்றாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் எஞ்சினை இறக்கிச் சில நிமிஷம் ஓட்டி உப்பைக் கழுவுவதற்கு ஏறக்குறைய செலவே இல்லை. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் உடனே மாற்றப்பட வேண்டும்.

படி 6: கடன் எங்கே வாங்குவது?

ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினால் வட்டி இல்லை என்பார்கள். ஆனால் கடன் அடையும் வரை மீனை அவரிடம்தான் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். பக்கத்து ஏலத்தில் அதே மீன் எவ்வளவுக்குப் போகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் வட்டி.

நடைச் செலவுக்குக் கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. 2018-19 முதல் மீனவர்களுக்கும் கொடுக்கிறார்கள். 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம் ஆகிவிடும். போட் வாங்கும் கடன் இதில் வராது, அதற்கு வங்கியில் தனிக்கடன்தான். அந்த விண்ணப்பத்தில் வருமானக் கணக்கு கேட்பார்கள். படி 4 வரை எழுதிய நோட்டையே எடுத்துக்கொண்டு போகலாம்.