மூளை முதுமை ஆய்வில் சேர விரும்புவோர் அறிய வேண்டியவை

அல்சைமர் நோயில், மறதி வெளியே தெரிவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படியத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, நினைவிழப்பைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளுக்கு நோயுற்றவர்களைப் போலவே மறதி ஏதுமில்லாத நடுவயதினரும் தேவைப்படுகிறார்கள். 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்று ஒதுங்க வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும் முன் நல்ல துணைநபர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்களா, பணக் கணக்கில் தடுமாறுகிறீர்களா என்றெல்லாம் அவரைத் தனியே வைத்துக் கேட்பார்கள் என்பதால், உங்கள் மனம் நோகுமே என்று பூசி மெழுகுபவரைவிட, உள்ளதை உள்ளபடி சொல்பவரே இதற்கு ஏற்றவர்.

ஒப்புதல் படிவத்தில் அங்கேயே கையெழுத்திட்டுவிடாமல், வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படியுங்கள். மரபணுச் சோதனையின் முடிவைத் தெரிவிப்பார்களா, ஸ்கேனில் எதிர்பாராத கட்டி ஏதும் தென்பட்டால் யார் சொல்வார்கள், முதுகுத்தண்டு நீர் எடுக்க மறுத்தாலும் ஆய்வில் நீடிக்கலாமா என்பவற்றைக் கேட்டறியுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, முடிவெடுக்கும் திறன் பின்னாளில் குறைந்தால் உங்கள் சார்பில் யார் பேசுவார் என்பது. அதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைப்பது நல்லது. எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

சோதனை நாளில் மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் கட்டாயம் உடனிருக்கட்டும்; சொல் காதில் சரியாக விழாததும் மறதியாகவே பதிவாகிவிடக்கூடும். ஒரு சொற்பட்டியலை வாசித்துக் காட்டி, அரைமணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கடிகார முகம் ஒன்றை வரைந்து, பதினொன்று பத்துக்கு முள்களை வைக்கச் சொல்வார்கள். இவற்றை வீட்டில் ஒத்திகை பார்ப்பது ஆய்வையே கெடுக்கும். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன், உடலில் பேஸ்மேக்கரோ உலோகத் துண்டோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

நினைவு மங்கத் தொடங்கியவர்களே பெரும்பாலும் இடையில் நின்றுவிடுகிறார்கள். அதனால் எஞ்சியவர்களின் முடிவுகள் உண்மை நிலையைவிட நன்றாகத் தோன்றும். வர இயலாத ஆண்டில் விலகிவிடாமல், தொலைபேசியிலோ வீட்டிலோ சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய ஆய்வொன்றில் கத்தோலிக்கக் கன்னியர் 678 பேர் இறப்புக்குப் பின் மூளையைத் தர இசைந்தனர். நோயின் தடயங்கள் நிறைந்த மூளையுடனும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் சிலர் உண்டு என்பது அந்த மூளைகளை ஆராய்ந்தபோதும் தெரியவந்தது. நீங்களும் இசைவதானால், இறந்த சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்தாக வேண்டும் என்பதால், ஆய்வு நிலையத்தின் தொலைபேசி எண்ணைக் குடும்பத்தாரிடம் இப்போதே கொடுத்துவைக்க வேண்டும்.