பத்துக்கு ஐந்து என்று எழுதிவிட்டு நகராதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களையும், மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் குறைவே இல்லை. ஆனால் வாசிப்பு மதிப்பீடு என்று உட்கார்ந்ததும், அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். பிள்ளையை மிரட்டக் கூடாது, இரைச்சலான இடத்தில் வாசிக்கச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மொத்தத்தை எழுதிவிட்டுப் பிழையை விட்டுவிடுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். பதிவேட்டைத் திறந்தால் அழகான கையெழுத்தில் வரிசையாக எண்கள் இருக்கும். ஐந்து, ஏழு, நான்கு, எட்டு. செயலியிலும் ஏற்றியாகிவிட்டது. சரி, அந்த ஐந்து வாங்கிய பிள்ளை எந்த ஐந்தைத் தவறவிட்டது, தவறிய இடத்தில் என்னவென்று வாசித்தது என்று கேட்டால் பதில் இருக்காது. பிள்ளை வாய்விட்டுச் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு உதாரணம் பாருங்கள். பத்துச் சொற்கள்: பெட்டி, மாடு, கொக்கு, பழம், தேர், வண்டு, கோயில், படம், நெல், மயில். இரண்டு பிள்ளைகள் வாசிக்கிறார்கள். இருவருக்கும் பத்துக்கு ஐந்து.

முதல் பையன் மாடு, பழம், வண்டு, படம், மயில் ஐந்தையும் சரியாக வாசித்தான். பெட்டியைப் ‘பட்டி’ என்றான். கொக்கு ‘காக்கு’ ஆனது. தேர் ‘தர்’, கோயில் ‘காயில்’, நெல் ‘நல்’. இவனுக்குக் கொம்பு கண்ணிலேயே படவில்லை. எழுத்துக்கு வலப்பக்கம் வரும் கால் தெரிகிறது, இடப்பக்கம் நிற்கும் கொம்பு தெரியவில்லை. ‘கொ’வில் கொம்பை விட்டால் ‘கா’ தானே மிச்சம்? அவன் வாசித்ததில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் தெரியாததால் வந்த ஐந்து பிழைகள் அவை.

இரண்டாவது பெண் பெட்டி, மாடு, தேர், படம், நெல் சரியாகச் சொன்னாள். கொக்கைக் ‘கொடி’ என்றாள், பழத்தைப் ‘பணம்’ என்றாள், வண்டு ‘வண்டி’ ஆனது, கோயில் ‘கோழி’ ஆனது, மயில் ‘மரம்’ ஆனது. இவளுக்குக் கொம்பில் குறையே இல்லை. முதல் எழுத்தைப் பார்த்ததும் தெரிந்த சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். சொல்லின் கடைசி வரை கண் போவதில்லை.

பையனுக்கு வேண்டியது கொம்புப் பயிற்சி. எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஒலிக்கும்போது அதன் ஓசை மெய்க்குப் பின்னால் வருகிறது. இந்த முன்பின் மாற்றத்தை யாராவது அவனுக்குக் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். பட்டி–பெட்டி, நல்–நெல், காடு–கோடு என்று ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் வேண்டாம். சொல்லை அட்டையால் மறைத்து, எழுத்து எழுத்தாகத் திறந்து காட்டி, கடைசி எழுத்து தெரிந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று பழக்க வேண்டும். வண்டி–வண்டு, பழம்–பணம்–படம் என்று கடைசி வரை பார்க்காமல் தப்பிக்க முடியாத சொற்களைக் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் இருவரும் ‘ஐந்து’. அதனால் இருவருக்கும் ஒரே பயிற்சித் தாள் போகிறது. யாருக்கும் பயனில்லை.

இதன் விலை என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்த ஒரு பையனின் பழைய பதிவுகளில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு எண் இருந்தது. ஏறவும் இல்லை, பெரிதாக இறங்கவும் இல்லை. அப்பா அம்மா திருப்பூரில் வேலை, பையன் அப்பத்தாவிடம். பேருந்துப் பலகையில் ‘செட்டிநாடு’ என்று இருந்ததைச் ‘சட்டிநாடு’ என்று படித்திருக்கிறான். கூட நின்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதோடு சத்தமாக வாசிப்பதையே நிறுத்திவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதியபோது ஒரே தாளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. கொம்பு, கொம்பு, கொம்பு. இரண்டு வருடம் மதிப்பிட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட அவன் வாசித்ததைக் குறித்துக்கொள்ளவில்லை. அவன் மந்தமானவன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அந்தச் சொல்லை ஒரு ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

அவனுக்குப் பாடம் எடுக்க நான் எங்கும் தேடவில்லை. நம் ஊர்ப் பெயர்களே போதுமானதாக இருந்தன. செட்டிநாடு, தேவகோட்டை, கோட்டையூர், கொத்தமங்கலம், கோனாபட்டு, நெற்குப்பை. இத்தனை கொம்பு வேறு எங்கே ஒரே வட்டாரத்தில் கிடைக்கும்? பள்ளத்தூரும் கானாடுகாத்தானும் கொம்பில்லாத பெயர்கள், அவற்றை நடுநடுவே கலந்துவிட்டேன். எங்கே கொம்பு இருக்கிறது, எங்கே இல்லை என்று அவனே விரல் வைத்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் வாசிக்க வேண்டும். தீபாவளி விடுமுறைக்குள் கொம்பு வசப்பட்டுவிட்டது.

குறித்துக்கொள்வதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்துக் கொடுத்த முறைதான். பிள்ளை வாசிக்க வாசிக்க, சரியான சொல்லுக்கு ஒரு டிக். தவறினால் அச்சில் உள்ள சொல்லைக் கீழேயும் பிள்ளை சொன்னதை மேலேயும் எழுதுங்கள். தானாகத் திருத்திக்கொண்டால் பக்கத்தில் ‘தி’ என்று போடுங்கள். இந்தத் ‘தி’ ரொம்ப முக்கியம், தன் பிழை தன் காதில் விழுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். 24 பேர் இருக்கும் வகுப்பில் ஒரே நாளில் எல்லோரையும் முடிக்க நினைத்தால்தான் கஷ்டம். ஒரு நாளைக்கு மூன்று பேர் என்றால் எட்டுப் பள்ளி நாட்களில் முடிந்துவிடும். அப்புறம் தாள்களைப் பரப்பி வைத்து, ஒரே மாதிரிப் பிழை உள்ளவர்களை ஒன்றாகச் சேருங்கள். மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்காதீர்கள்.

எழுத்துக் கணக்கோடு நின்றுவிடுவது

தமிழுக்கு 247 எழுத்து என்பதால், எத்தனை தெரியும் என்று எண்ணிக்கொண்டே போகத் தோன்றும். எண்ணுங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். கடல், பகல், தங்கம், பக்கம் என்று நான்கு சொற்களை எழுதிப் பாருங்கள். நான்கிலும் ‘க’வின் ஒலி ஒன்றுபோல இல்லை. அட்டையில் தனியாகக் ‘க’வைச் சரியாகச் சொல்லும் பிள்ளை, பகலைப் ‘பக்கல்’ என்று வாசித்துவிட்டு அர்த்தம் புரியாமல் விழிக்கும். எழுத்து தெரியாததால் வந்த குறை இல்லை இது. சொல்லுக்குள் எழுத்து எப்படி ஒலிக்கும் என்ற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அதைத் தனி எழுத்து அட்டை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. வல்லினம் நடுவில் வரும் சொற்கள் சிலவற்றைப் பட்டியலில் கட்டாயம் சேருங்கள்.

‘வாளப்பளம்’ என்றால் தப்புப் போடுவது

நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகத்தான் வருகிறது. வீட்டில் எல்லோரும் ‘பளம்’ என்று சொல்லும்போது பிள்ளையும் அப்படித்தான் வாசிக்கும். எழுத்தை அடையாளம் கண்டு, சொல்லைப் புரிந்துகொண்டு, தன் நாக்கால் சொல்கிறது. வாசிப்புக் கணக்கில் அதைப் பிழையாகச் சேர்க்காதீர்கள். உச்சரிப்பைத் தனியாகப் பழக்குங்கள், எழுத்துப் பிழை வருகிறதா என்பதைச் சொல்வதெழுதலில் பாருங்கள்.

‘இருக்கிறது’ என்று அச்சில் இருக்க ‘இருக்கு’ என்று வாசித்தால் கதை வேறு. அர்த்தம் பிடிபட்டிருக்கிறது, அது நல்லது. ஆனால் சொல்லின் கடைசியைக் கண் தாண்டிப் போகிறது. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று ஆங்கில அட்டவணையோடு ஒப்பிடுவது

அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் டிபெல்ஸ் போன்ற சோதனைகளில் ஒரு நிமிட வாசிப்பு உண்டு. அவற்றின் எண்கள் ஆங்கிலத்துக்கு உரியவை. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்று சொற்கள் வேண்டும். அந்த இலக்கைத் தமிழ்ப் பிள்ளையின் தலையில் வைத்தால், மூச்சுவிடாமல் ஓடத்தான் கற்றுக்கொள்ளும். வேகம் பார்க்க வேண்டுமென்றால் அதே பிள்ளையின் போன மாத வாசிப்போடு ஒப்பிடுங்கள்.

பாடப்புத்தகப் பத்தியையே வாசிக்கக் கொடுப்பது

பாதிப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். கண் ஜன்னலில் இருக்கும், வாய் மட்டும் பத்தியைச் சொல்லும். சந்தேகமாக இருந்தால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வாசிப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதுப் பத்தியை நீங்களே எழுதுங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு, ஆத்தங்குடிக் கல், கோயில் தேர் என்று பிள்ளைக்குத் தெரிந்த விஷயம், இதுவரை பார்க்காத வாக்கியம். வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி கேட்க மறக்காதீர்கள்.

ஒருமுறை போட்ட பெயரை வருடம் முழுக்க ஒட்டி வைப்பது

2022-இல் தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்தது, அவரவர் நிலையிலிருந்து மேலே கொண்டுபோகத்தான். நிலை மாறும், மாற வேண்டும். உட்காரும் இடத்தை அதற்கேற்ப மாற்றாமல் ‘அரும்பு மேசை’ என்று ஒன்றை நிரந்தரமாக்கிவிடாதீர்கள்.

வீட்டுக்கு நிலையின் பெயரைச் சொல்லி அனுப்புவது

“அரும்புன்னா பாஸா பெயிலா டீச்சர்?” என்று ஒரு அப்பத்தா என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பெயர் வீட்டுக்கு எதையும் சொல்வதில்லை. “பேரனுக்குக் கொம்பு வந்தா தடுமாறுது ஆத்தா, பஸ்ஸுக்கு நிக்கிறப்ப ரெண்டு போர்டு படிக்கச் சொல்லுங்க” என்றால் அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு படித்தவர்கள் வீட்டில் எழுதிக் காட்டும் லை, னை, ணை, ளை பழைய வடிவத்தில் இருக்கலாம். பழைய வீட்டு முகப்பிலும் தாத்தா காலத்துப் புத்தகங்களிலும் அந்த வடிவம்தான் இருக்கும். பிள்ளை குழம்பினால் பெரியவர்களைக் குறை சொல்லாமல், இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

கண்ணையும் காதையும் பார்க்காமல் நிலை போடுவது

முதலில் கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் மதிப்பிடுவது

வேண்டாம். பிள்ளைகள் முதலில் பழகட்டும்.

அதே பட்டியலால் மறுபடி சோதிப்பது

கொம்பைச் சொல்லிக்கொடுத்த பிறகு பெட்டி, கொக்கு, தேர் என்று பழைய தாளையே நீட்டினால், பிள்ளை அந்தச் சொற்களை ஞாபகத்திலிருந்து சொல்லிவிடும். நீங்களும் வந்துவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். சொற்களை மாற்றுங்கள், சிக்கலை மாற்றாதீர்கள்: தேன், வெல்லம், சொட்டு, கோலம், பேன், மேளம். நடுவில் கொம்பே இல்லாத நான்கு சொல். இந்தத் தாளிலும் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி எழுதி, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘காலம்’ என்று தொடங்கிக் ‘கோலம்’ என்று தானே திருத்திக்கொண்டிருந்தால் அங்கே ஒரு ‘தி’ விழுந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வாரம் கொம்புப் பயிற்சி போதும்.