ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்: முதல் மரைன் டேங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெரம்பூரில் தெரிந்த பையன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் மரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைத்த சந்தோஷத்தில் கூப்பிட்டிருந்தான். மூன்றடி டேங்க், ஒரு ஜோடி கோமாளி மீன், கல் இடுக்கில் ஒரு க்ளீனர் இறால். நன்றாகத்தான் இருந்தது. பேசிக்கொண்டே இருந்தவன் எழுந்து போய் ஒரு குடத்தைத் தூக்கி வந்து டேங்கில் ஊற்றினான்.

"என்ன தண்ணீர் தம்பி அது?"

"உப்புத் தண்ணிதான் அண்ணா. தினமும் குறையுதுல்ல, அதான் கலக்கி வெச்சுக்கிறேன்."

எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்தது. அவன் மேல் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே குடத்தோடு நின்ற என் மேல்.

கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு இது இல்லை. அதையெல்லாம் கொளத்தூர் கலர் மீன் கடைகளில் எதில் நுழைந்தாலும் சொல்லிவிடுவார்கள். அதைத் தாண்டி வந்தவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

குறைந்த தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது

டேங்கிலிருந்து ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். உப்பு அங்கேயே இருக்கிறது. உப்பளத்தைப் பார்த்த எவருக்கும் இது தெரியும். ஆனாலும் டேங்க் முன்னால் நிற்கும்போது 'இது உப்புத் தண்ணீர் டேங்க், அதனால் உப்புத் தண்ணீர்' என்று மனசு சொல்லிவிடுகிறது.

என் கதை ஒரு மே மாதத்தில் நடந்தது. வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி. மரைன் மீன்களுக்கு 25 முதல் 27 வரை இருந்தால் நல்லது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கக் காசில்லை, டேங்க் மேல் சின்ன மின்விசிறி இரண்டை வைத்தேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. ஆனால் விசிறி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். தினமும் மூன்று லிட்டர் காணாமல் போனது; மூன்று லிட்டர் கடல்நீர் ஊற்றினேன்.

கணக்கைப் பாருங்கள். கல், மணல் போக டேங்கில் 150 லிட்டர் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மூன்று லிட்டர் ஊற்றினால் நாளைக்கு 105 கிராம் கூடுகிறது. பத்து நாளில் ஒரு கிலோவுக்கு மேல். 35-இல் தொடங்கிய டேங்க் பத்தே நாளில் 42-க்கு வந்துவிடும்.

அளந்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்னிடம் இருந்தது. அதன் முள்ளில் உப்புப் படிந்து கனத்துப் போய், எப்போது பார்த்தாலும் 1.025 என்றே, அதாவது உப்பு சரி என்றே காட்டியது. குமிழ் ஒட்டினால் கூட்டிக் காட்டும், உப்புப் படிந்தால் குறைத்துக் காட்டும். அந்தச் சாமானை நம்பி ஒரு டேங்க் நடத்தக் கூடாது. கோமாளி மீன்கள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் நண்பர் ஒருவர் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) கொண்டு வந்து பார்த்தார். 42.

இனிதான் நிஜமான முட்டாள்தனம். 25 லிட்டரை வெளியே எடுத்துவிட்டு 25 லிட்டர் ஆர்ஓ தண்ணீரை ஊற்றினால் 35 வந்துவிடும் என்று போட்டுப் பார்த்தேன். கணக்கு சரி. கணக்கு மட்டும்தான் சரி. ஒரே மூச்சில் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் இரண்டு க்ளீனர் இறாலும் செத்தன, நட்சத்திர மீன் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தது. மீனுக்கு உடம்பின் உப்பைச் சமாளிக்கச் செவுளும் சிறுநீரகமும் இருக்கின்றன, ஓரளவு தாங்கும். இறாலும் நட்சத்திர மீனும் அப்படி இல்லை; வெளியே உப்பு எவ்வளவோ, உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. சட்டென்று மாறினால் அவற்றின் செல்லுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஏறிய உப்பை ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று இறக்கியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். உப்பளவு சரியாக இருக்கும் நாளில், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கண்ணாடி மேல் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். தினமும் அந்தக் கோடு வரைக்கும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சம்ப் (டேங்குக்குக் கீழே இணைத்து வைக்கும் இன்னொரு தொட்டி) இருந்தால் மேல் டேங்கில் மட்டம் குறையாது, பம்பு இருக்கும் அறையில்தான் குறையும். டேப்பை அங்கே ஒட்டுங்கள். உப்புத் தண்ணீர் தேவைப்படுவது பழைய தண்ணீரை எடுத்து மாற்றும்போது மட்டும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுள்ள திரவத்தை வைத்துச் சரிபாருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் காட்டுவதால் 35-உம் சரியாகக் காட்டும் என்று இல்லை.

குடிக்கிற ஆர்ஓவும் டேங்க் ஆர்ஓவும்

வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் ருசிக்காக ஆர்ஓவில் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் ஏற்பாடு உண்டு. கேன் தண்ணீரிலும் தாது சேர்ப்பார்கள். நாம் குடிக்கலாம். டேங்குக்கு டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) பூஜ்யத்தை ஒட்டி வேண்டும், இல்லாவிட்டால் பாசி உங்களுக்கு வேலை வைக்கும். டிடிஎஸ் மீட்டர் விலை ஒரு ஜோடி மீனைவிடக் குறைவு.

கடலிலிருந்து மொண்டு வருவது

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று எல்லாருக்கும் தோன்றும். கூவம், அடையாறு கலக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் மொண்டால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தள்ளிப் போய் எடுத்தாலும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் நம் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். ஜூனில் அளந்ததை நினைத்துக்கொண்டு டிசம்பரில் ஊற்றாதீர்கள்.

பவளக் கல்

வேண்டாம். கடினப் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டும் சேர்த்திதான். 'ராமேஸ்வரத்திலிருந்து வந்த சரக்கு' என்று யாராவது கண் சிமிட்டினால் வெளியே வந்துவிடுங்கள். கடல் குதிரைக்கும் இதுவே. கோமாளி மீன் வாங்குவதென்றால் பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே அதைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. பண்ணை மீன் பொட்டலத் தீனியைத் தயங்காமல் தின்னும்.

நீல டாங்

கடையில் குட்டியாக இருக்கும் இந்த நீல மீன் 30 சென்டிமீட்டர் வளரும். மூன்றடி டேங்கில் வேண்டாம்.

சைக்கிள் முடியும் முன் மீன்

புது டேங்கில் மீன் கழிவை உடைக்கும் பாக்டீரியா வளர்ந்து நிலைப்பதைத்தான் சைக்கிள் என்கிறோம். நான்கு வாரம், ஆறு வாரம் கூட ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டட்டும்.

கரண்ட் போகும்போது

இன்வெர்ட்டரில் விளக்கை இணைத்து வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறேன். விளக்கு இல்லாமல் இரண்டு நாள் ஓட்டலாம். தண்ணீர் அசையாமல் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன், அதுவும் சூடான தண்ணீரில் இன்னும் சீக்கிரம். தண்ணீரை அசைக்கும் வேவ் மேக்கரை இணையுங்கள்.

பெரம்பூர்த் தம்பியின் டேங்கில் அன்று 39 காட்டியது. ஒரே நாளில் இறக்கிவிடவா என்று கேட்டான். குடத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.