எந்தக் காலனி ஆட்சி மோசம்? ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஸ்பெயின்காரர்கள்தான் கொடூரம், பிரெஞ்சுக்காரர்கள் பூர்வகுடிகளோடு ஒத்துப்போனார்கள், பிரிட்டிஷார் சட்டப்படி நடந்தார்கள் என்றெல்லாம் யாராவது அடித்துச் சொன்னால், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று உடனே கேளுங்கள். ஆண்ட நாட்டின் கொடியை வைத்து ஒப்பிடுவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

பிரான்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் அவர்கள் தொகை குறைவு, தேவைப்பட்டதோ விலங்குத்தோல். அதைக் கொண்டுவந்து கொடுக்க உள்ளூர் மக்கள் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்பதால் உறவும் ஒப்பந்தமுமாகப் போனார்கள், 1701-ல் மொன்றியாலில் ஏறக்குறைய 40 பூர்வகுடி இனங்களோடு சமாதானமும் செய்துகொண்டார்கள். அதே பிரான்ஸ் 1830-ல் அல்ஜீரியாவுக்குள் நுழைந்த பிறகு கிராமங்களை எரித்தது, நல்ல நிலங்களைப் பறித்து ஐரோப்பியக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. பிரிட்டனும் அப்படித்தான். நியூசிலாந்தில் 1840-ல் அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களோடு வைத்தாங்கி ஒப்பந்தம் போட்டது (அடுத்த முப்பது வருடத்துக்குள் போரும் நிலப்பறிப்பும் வந்துவிட்டன என்பது வேறு விஷயம்). ஆஸ்திரேலியாவில் அப்படி ஓர் ஒப்பந்தமே கிடையாது, அங்கே மக்களுக்கு நில உரிமை எதுவும் இல்லாதது போலவே நடந்துகொண்டார்கள், 1992-ல் பூர்வகுடிகளின் நில உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட மாபோ வழக்குத் தீர்ப்பு வரும்வரை சட்டமும் அப்படியே இருந்தது.

வந்தவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது? நிலமா, உழைப்பா, வியாபாரமா? இதைக் கேட்டால் பாதி விஷயம் தெளிவாகிவிடும். நிலம் வேண்டுமென்றால் அங்கே இருப்பவர்கள் இடைஞ்சல். உழைப்பு வேண்டுமென்றால் அவர்களை விரட்ட மாட்டார்கள், பிழிந்தெடுப்பார்கள். பொலிவியாவின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு, 1570-களிலிருந்து 1812 வரை, அதற்கென்று ஒதுக்கப்பட்ட மாகாணங்களின் பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் முறைவைத்து அனுப்பப்பட வேண்டும் என்பது விதி.

அடுத்த தவறு, இன்று எத்தனை பூர்வகுடிகள் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை வைத்து மார்க் போடுவது. பெருவிலும் பொலிவியாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அமெரிக்காவில் குறைவு, அதனால் ஸ்பெயின் தேவலை என்கிறார்கள். அந்த மலைநாடுகளில் தொடக்கத்திலேயே மக்கள்தொகை மிக அதிகம். ஸ்பெயின் முதலில் குடியேறிய, கரீபியன் கடலில் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவைப் பாருங்கள். கொலம்பஸ் வந்தபோது அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் இன்னும் சர்ச்சை உண்டு, ஆனால் பெரும்பாலான மதிப்பீடுகள் லட்சங்களில்தான் பேசுகின்றன. 1514-ல் எடுத்த கணக்கில் அந்தத் தீவின் பூர்வகுடிகளான டைனோ மக்கள் சுமார் 26,000 பேர்.

எல்லாம் நோயால் நடந்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்ற வாதமும் இங்கேதான் உடைகிறது. அந்தத் தீவுக்குப் பெரியம்மை வந்ததாகப் பதிவாகியிருப்பது 1518-ன் கடைசியில். அதற்கு முன்பே தங்கம் அரிக்கும் கட்டாய வேலையும், பட்டினியும், படுகொலைகளும் அந்தச் சமூகத்தைச் சிதைத்துவிட்டன. அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் நோய் கோடிக்கணக்கானவர்களைக் கொன்றது உண்மை. ஆனால் வயலை விட்டு இழுத்துச் செல்லப்பட்டு, அரைவயிற்றோடு இருக்கும் மக்களிடையே நோய் வந்தால் பிழைப்பவர்கள் எத்தனை பேர்?

சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு அதுதான் நடந்தது என்று நம்பிவிடாதீர்கள். பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது என்று ஸ்பெயின் 1542-லேயே சட்டம் போட்டது. அவர்களின் உழைப்பைக் குடியேறிகள் பரம்பரையாக அனுபவிக்கும் உரிமைக்கும் அதே சட்டம் முடிவுகட்டப் பார்த்தது. பெருவில் இருந்த குடியேறிகள் கலகம் செய்து, அதை அமல்படுத்த வந்த வைஸ்ராயையே 1546-ல் கொன்றுவிட்டார்கள். அதற்குள் மன்னரும் அந்தப் பரம்பரை விஷயத்தில் பின்வாங்கியிருந்தார்.

எத்தனை வருடம் ஆண்டார்கள் என்பதும் அளவுகோல் ஆகாது. நமீபியாவில் ஜெர்மனி இருந்தது சுமார் முப்பது வருடம்தான், அதற்குள் 1904 முதல் 1908 வரை அங்குள்ள ஹெரேரோ, நாமா என்ற இரண்டு இன மக்களை இனப்படுகொலை செய்தது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, சுதந்திரம் கிடைத்த தேதியோடு கணக்கை முடித்துவிடுவது. யாருடைய சுதந்திரம்? தெற்கு சிலியில் மபூச்சே என்ற பூர்வகுடி மக்கள் ஸ்பெயினை எதிர்த்து விடாமல் போரிட்டார்கள், 1641-ல் பியோ பியோ ஆற்றுக்குத் தெற்கே உள்ள நாடு அவர்களுடையது என்று ஸ்பெயினே ஒப்புக்கொண்டது. அந்த நாட்டைப் பிடித்தது சுதந்திர சிலி, 1861-லிருந்து 1883-க்குள். வட அமெரிக்காவிலும் இதே கதை. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் மன்னர் 1763-ல் உத்தரவு போட்டார், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் துரத்தும் சட்டத்தை 1830-ல் போட்டது சுதந்திர அமெரிக்கா. காலனி ஆட்சியை மட்டும் ஒப்பிடுபவர்கள் இந்த இரண்டு நாடுகளையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மபூச்சே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பூர்வகுடிகள் சும்மா அடிவாங்கியவர்கள் அல்ல. 1521-ல் மெக்ஸிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான் விழுந்ததற்கு, அஸ்டெக்குகளின் பழைய எதிரிகளான த்லக்ஸ்காலா மக்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியர் பக்கம் நின்று போரிட்டது பெரிய காரணம். இவர்களுடைய கணக்கும் அரசியலும் இல்லாமல் எழுதினால் கதையில் ஐரோப்பியர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

அப்புறம், எதை அளக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மக்கள்தொகை, நிலம், மொழி, சட்ட உரிமை என்று தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க வேண்டாம். பராகுவேயில் பெரும்பாலானவர்கள் குவாரனி என்ற பூர்வகுடி மொழியைப் பேசுகிறார்கள், 1992 அரசியலமைப்பின்படி அது ஆட்சிமொழியும்கூட. ஆனால் பூர்வகுடி என்று தங்களைப் பதிவு செய்துகொள்பவர்கள் அந்த நாட்டில் சுமார் நூற்றுக்கு இரண்டு பேர்தான், அவர்களில் பலர் இழந்த நிலத்துக்காக இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.